பந்தும் பாடமும்



பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகாதவர் நம் பாலிடெக்னிக்கில் யாரும் இருக்க முடியாது. பரீட்சை முடிந்தாலும் பீச், பரீட்சையில் போனாலும் பீச்! ஆனால் கடைகள் முடிகிற இடத்தோடு திரும்பிவிடாமல், வடக்கே அடையாற்று முகத்துவாரத்தை நோக்கி நடந்து போனவர்கள் எத்தனை பேர்? அந்தப் பக்கம்தான் ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. மணலில் ஃபைபர் போட்டுகள், காயும் வலைகள், அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் பந்து விளையாடும் பசங்கள்.

ஒன்றரை வருடமாக சனி, ஞாயிறு மாலைகளில் நானும் என் வகுப்பு நண்பர்கள் மூவரும் அங்கே போய் வருகிறோம். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிறவர்களுக்குக் கணக்கு சொல்லித் தருகிறோம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஃபுட்பால். வெறும் கையோடு போய் "படிக்க வாங்கடா" என்றால் நாலு பேர் வருவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போனால் இருபது பேருக்குக் குறையாது!

இது எங்கள் மூளையில் உதித்த யோசனை அல்ல. மும்பையில் 1999-ல் தொடங்கிய மேஜிக் பஸ் என்ற அமைப்பு, விளையாட்டின் வழியாகவே ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கப் பாடுபடுகிறது. கென்யாவின் நைரோபியில் மதாரே என்ற பெரிய சேரிப் பகுதி. அங்கே 1987 முதல் நடக்கும் இளைஞர் விளையாட்டுச் சங்கத்தில், ஜெயிக்கிற டீமுக்கு மட்டுமல்ல, தெருக் குப்பையை அள்ளுகிற டீமுக்கும் லீக்கில் பாயின்ட் உண்டு. நம் சென்னையிலேயே தண்டையார்பேட்டை கருணாலயா இருக்கிறது. 2019 மே மாதம் லண்டனில் தெருவோரச் சிறுவர்களுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. பையன்களும் பெண்களும் ஒரே டீமில் ஆடும் போட்டி. கருணாலயாவின் பிள்ளைகள் இடம்பெற்ற தென்னிந்திய அணி, லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை வென்று கோப்பையைத் தூக்கியது! போட்டியை நடத்திய ஸ்ட்ரீட் சைல்ட் யுனைடெட் கேட்பதில் முக்கியமானது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அடையாளச் சான்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அட்மிஷனும் கஷ்டம், பாஸ்போர்ட்டும் கஷ்டம்தானே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குப்பத்து மணலில் நான் பார்த்தது இன்னொன்று. நாங்கள் போகத் தொடங்கிய புதிதில் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) வந்து, பேனர் கட்டி, முப்பது பேருக்கு ஜெர்சி கொடுத்தது. போட்டோ எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். "அடுத்த வாரம் கோச் வருவார்" என்றார்கள். பசங்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஜெர்சியோடு காத்திருந்தார்கள். கோச் வரவில்லை. அந்த ஜெர்சிகள் இப்போது போட் துடைக்கப் பயன்படுகின்றன. கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் ஒரு நாள் உதவியால் பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: யார் வந்தாலும் "எத்தினி நாளுக்கு அண்ணா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது. எங்களையும் கேட்டார்கள்.

குப்பத்தின் பெயரிலேயே இருக்கிற கர்னல் ஒல்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய காலத்தில், 1894-ல் அவர்களுக்காக இந்த ஊரூர்ப் பக்கம் இலவசப் பள்ளி தொடங்கினார். அதைத் தொடர்ந்து சென்னையில் இன்னும் சில பள்ளிகள் வந்தன. அந்த முயற்சிகளில் அவரோடு பணியாற்றியவர் அயோத்திதாசப் பண்டிதர். அங்கே பாடம் சொன்ன கோர்ட்ரைட் அம்மையார், தங்கள் கற்பிக்கும் முறையைப் பற்றி 1906-ல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். ஒல்காட் 1907-ல் காலமானார். பள்ளி நிற்கவில்லை! ஒல்காட் நினைவுப் பள்ளியாக பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. கேக் வெட்டிய போட்டோ இருக்கிறதா என்று தெரியாது, மணி மட்டும் தினமும் அடிக்கிறது.

இனி எங்கள் கோல்கீப்பர் கதை. பத்தாவது படிக்கிற பையன். எந்தப் பந்துக்கும் மணலில் பாய்ந்து விழுவான். போன டிசம்பரில் மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. மீன் விற்கிற அவன் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"வெடிகாலைல மூணு மணிக்கு அவங்கப்பாவோட கடலுக்குப் போறான் தம்பி. போட்டுக்கு ஒரு ஆள் கொறையுது. வந்து வலைல மீன் எடுத்துட்டு அப்பிடியே தூங்கிடுறான். எங்க ஸ்கூலு?"

"பத்தாவது மட்டும் முடிக்கட்டுமே அக்கா."

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா? கூலிக்கு ஆள் வெச்சா எங்களுக்கு இன்னா மிஞ்சும், நீயே சொல்லு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பந்தும் டியூஷனும் ஒரு ஆள் கூலியை ஈடுகட்டாது. அவனுடைய வகுப்பு டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசினார். கடைசியில் அவன் சித்தப்பா வார நாட்களில் அந்த போட்டில் ஏறுவது, பையன் சனி, ஞாயிறு மட்டும் போவது என்று முடிவானது. அதனால் எங்கள் கிளாஸ் அவனுக்கு மட்டும் புதன்கிழமைக்கு மாறியது. (லேப் முடிந்து ஓடுவதற்குள் உயிர் போகும்!)

ரிசல்ட் வந்தது. நாலு பாடம் பாஸ், கணக்கில் 31. நம்மையெல்லாம் இந்த காம்பவுண்டுக்குள் விட்ட அதே பத்தாம் வகுப்பு பாஸுக்கு அவனுக்கு இன்னும் நாலு மார்க் வேண்டும். "விடு அண்ணா, போட்டுக்கே போறேன்" என்றான். அவன் அம்மாதான், "எழுதுடா, நாலு மார்க்குதான" என்று துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட அனுப்பினார்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவன் அந்தத் தேர்வை எழுதியிருப்பான். முக்கோணவியல் இன்னும் தகராறு செய்கிறது, வடிவியல் வரைபடம் போடுவதில் தேறிவிட்டான்.

அடுத்த பருவம் எங்களுக்கு இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங். நாலு பேரில் இரண்டு பேர் ஸ்ரீபெரும்புதூர் போகிறோம். ஆகவே இரண்டாம் ஆண்டு நண்பர்களில் கணக்கு வருகிற இரண்டு பேர் வேண்டும். சனி, ஞாயிறு, மாலை நாலரை மணி. பந்து இருக்கிறது, பம்பும் இருக்கிறது. காற்றடிக்கிற ஊசிதான் மணலில் எங்கேயோ விழுந்துவிட்டது, வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள்.