மேலே நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம். எழுவைதீவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "நான் தாத்தாவோட வந்தேன்" என்று சொன்னதும் ஏழு பேரும் வாசலை எட்டிப் பார்த்தார்கள். நரைத்த தலையோடு ஒருவர் வருவார் என்று நினைத்திருப்பார்கள். வந்தது அவர்களுடைய டீச்சர். அன்று முழுக்க அந்த வகுப்பில் அடிக்கடி ஒரு சிரிப்பு கிளம்பிக்கொண்டே இருந்தது.

எங்களுக்கு அப்போது நோன்பு விடுமுறை. தமிழ்ப் பாடசாலைகளில் முதலாம் தவணை நடந்துகொண்டிருந்தது. தாத்தா கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனமாக இந்தத் தீவுக்கு வந்து மூன்று வருடமாகப் போகிறது. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பெரியும்மா வீட்டில் தங்கி, தினமும் விடியப் பஸ்ஸும் படகும் ஏறிப் போய் வருகிறாள். புத்தளத்திலிருந்து நான் ஒரு கிழமை நிற்கப் போயிருந்தேன். "வீட்டில் நித்திரை கொள்ளாமல் என்னோட வா புள்ள, நோன்பும் கெதியாய்ப் போகும்" என்றாள். உண்மையான காரணம் வேறு. இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்பிப் பையில் வைத்திருந்தாள். கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்க அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றோம். அங்கிருந்து பார்த்தால் கடலின் நடுவே ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. பின்னால் வந்த ஒல்லாந்தர் அதற்கு 'ஹம்மன்ஹீல்' என்று பெயர் வைத்தார்கள். இலங்கையின் உருவம் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். அதன் குதிக்கால் இந்த இடமாம். நோன்போடு நிற்கிற எனக்கு இதைச் சொல்லித் தாத்தா சிரித்தாள். காரைநகருக்கு அம்ஸ்டர்டாம், அனலைதீவுக்கு றொட்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையெல்லாம் இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றுவரை நின்று பிடித்தது நெடுந்தீவின் 'டெல்ஃப்ற்' மட்டும்தான்.

படகில் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் போனது. பங்குனி மாதக் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. சோளகக் காற்று தொடங்கினால் இதே கடல் ஆளையே தூக்கி எறியும் என்று பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சொன்னார். முதலில் தெரிந்தது பனைமரங்கள். பிறகு காற்றாடிகள். சப்த தீவுகள் என்று நாங்கள் பாடமாக்கும் ஏழில் மிகச் சிறியது எழுவைதீவு. ஏறக்குறைய ஒன்றரைச் சதுரக் கிலோமீற்றர்தான். புத்தளத்தில் எங்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போய் வருகிற நேரத்தில் இந்தத் தீவைக் குறுக்கே நடந்துவிடலாம்.

இனி வகுப்பு. ஐந்தாம் வகுப்பு என்றால் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது புலமைப்பரிசில் பரீட்சைதான். கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், பிறகு அதற்கும் ஒரு மாதிரி. என் ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்கு நினைவில் நிற்பது வெட்டுப்புள்ளி ஒன்று மட்டும்தான். அந்த எண்ணத்தோடுதான் தாத்தாவின் வகுப்பறைக்குள் போனேன். சுவரில் வினாத்தாள் இல்லை. நாலு 'பிறிஸ்ரல் போட்' தாள்களை ஒட்டி வரைந்த ஒரு பெரிய வரைபடம் இருந்தது. வீடுகள் கிடையாது. கோயில், தேவாலயம், இறங்குதுறை, பாடசாலை ஆகியவை அடையாளத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் கிணறுகள். நீல வட்டம் நல்ல தண்ணீர். மஞ்சள் வட்டம் கொஞ்சம் சவர். சிவப்பு வட்டம் உடுப்புத் தோய்க்க மட்டும். கறுப்பு வட்டங்களும் சில இருந்தன. அவை என்ன என்று கேட்டேன்.

"அது ஆள் இல்லாத வீட்டுக் கிணறுகள் அக்கா. வாளி இல்லை, அதாலே ருசி பார்க்கேல்லை."

சுற்றாடல் பாடத்தில் நீர் என்று ஒரு பகுதி வருகிறது. அதைத் தாத்தா இந்தத் தவணை முழுக்க இழுத்துவிட்டாள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கிணற்றின் ஆழத்தைக் கயிற்றால் அளந்தார்கள். அதை மீற்றருக்கு மாற்றியது கணிதம். கிணற்றடியில் பெரியவர்களிடம் கேட்டதை எழுதியது தமிழ். 'வத்துர' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது இரண்டாம் மொழிச் சிங்களம். சைவம், கத்தோலிக்கம் இரண்டும் தாத்தாவின் கையில் இல்லை. அந்தப் பாடவேளையில் அவள் கணக்குக் கொப்பிகள் திருத்துவாள்.

நான் போன அன்று ஒரு பரிசோதனை. அகலமான கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு உப்புத் தண்ணீர். அதற்கு மேல், தேயிலைச் சாயம் ஊற்றி ஆறவைத்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல மெல்ல வார்த்தார்கள். சாயத் தண்ணீர் கலக்காமல் மேலே தனியாக நின்றது. ஒருத்தி ஸ்ட்ரோ வைத்து மேலாக உறிஞ்சினாள். "சப்பெண்டு இருக்கு டீச்சர்." ஸ்ட்ரோவை ஆழ இறக்கி மறுபடி உறிஞ்சினாள். முகம் கோணிப் போனது. பிறகு என் பக்கம் நீட்டினாள். நான் நோன்பு என்றேன். உடனே கையை இழுத்துக்கொண்டு, "பரவாயில்லை அக்கா, நான் உங்களுக்காகவும் குடிச்சுச் சொல்லுறன்" என்று இன்னொரு மிடறு குடித்தாள்.

உயர்தரத்தில் நான் பௌதிகவியல் படிக்கிறேன். அடர்த்தி பற்றிப் பத்துக் கணக்காவது செய்திருப்பேன். ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் ஏறக்குறைய 1025 கிராம். அந்த 25 கிராம்தான் ஒரு தீவில் மனிதர் குடியிருக்கக் காரணம் என்பது அந்தப் போத்தலைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. மாரியில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. கிணறு தொடுவது அந்த வில்லையைத்தான். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு இறங்கி நிற்கும் என்று ஒரு விதி இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கணக்கிட்டவர்களில் ஒருவரான பாடன் கைபன் ஓர் ஒல்லாந்துப் பொறியியலாளர். ஹம்மன்ஹீலைவிட உபயோகமான வேலை! அந்த விதியைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வருகிறது. மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்.

இதை நான் கரும்பலகையில் பெருமையோடு விளக்கினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் கையை உயர்த்தினான். "அது எங்களுக்குத் தெரியும் அக்கா. மோட்டர் போட்டுக் கனக்க இறைச்சா சவர் வரும். துலாவால அள்ளேக்க வராது." அவர்கள் வீட்டுக் கிணறு மஞ்சள் வட்டம். தாத்தனார் காலத்தில் நீலம் என்று அவனுடைய கொப்பியில் எழுதியிருக்கிறது.

மோட்டர் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. எழுவைதீவுக்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. முன்பு டீசல் ஜெனரேற்றர் மட்டும்தான். 2016 ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு மின்சார சபை இங்கே சூரியத் தகடு, காற்றாடி, மின்கலம், டீசல் நாலையும் இணைத்த ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. சூரியத் தகடுகள் மட்டும் 46 கிலோவாற்று. நான் படகிலிருந்து பார்த்தது அந்தக் காற்றாடிகளைத்தான். இலங்கையில் இப்படியான திட்டங்களில் இது முன்னோடி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இதே மாதிரி அமைக்க 2024 இல் இந்திய உதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. வெளிச்சம் வந்தது நல்லதுதான். அதோடு கிணற்றுக்குள் குழாயும் இறங்கியது. ஒரு நன்மை இன்னொன்றை எங்கே போய்த் தொடுகிறது என்று பத்து வயதுப் பிள்ளைகள் கொப்பியில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள்.

இடைவேளையில் அவர்கள் பனங்கிழங்கைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள். ஏன் என்று கேட்டேன். "டீச்சர் நோன்பெல்லோ" என்றாள் ஒருத்தி. தாத்தா அப்படி ஒருநாளும் சொன்னதில்லையாம். மூன்று வருடமாக அவர்களாகவே செய்கிறார்கள்.

அந்த நேரத்தில் ஒரு தாய் வந்தார். வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "டீச்சர் கோவிக்கக் கூடாது. பட்டினத்துப் பிள்ளையள் இப்பவே ஐம்பது பேப்பர் செய்து முடிச்சிட்டினமாம். எங்கட பிள்ளையள் கிணத்தடியில நிக்குதுகள்" என்றார். தாத்தா கோபிக்கவில்லை. அடுத்த தவணை முழுக்கப் பேப்பர்தான் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த அம்மா சொன்னதில் பிழை இல்லை. புலமைப்பரிசில் சித்தியடைந்தால் மாதாமாதம் உதவிப்பணம், யாழ்ப்பாணத்தில் பெரிய பாடசாலை. ஆனால் பிள்ளை யாழ்ப்பாணம் போனால் தாயும் போவார், பிறகு வீட்டுக்குப் பூட்டு. வரைபடத்தில் ஒரு நீல வட்டம் கறுப்பாகும். தாத்தா நன்றாகப் படிப்பித்தால் அது கொஞ்சம் சீக்கிரமாக நடக்கும். அவள் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிப் பாடவேளையில் ஒருவன் கேட்டான், "அக்கா, உங்கட ஊர் எது?"

"புத்தளம்."

"டீச்சர் யாழ்ப்பாணம் எண்டவ. ரெண்டு பேரும் ஒரு அம்மான்ர பிள்ளையள்தானே? அதெப்பிடி ரெண்டு ஊர்?"

நான் தாத்தாவைப் பார்த்தேன். அவளும் பிறந்தது புத்தளத்தில்தான். அவள் மேசையில் சாய்ந்துகொண்டு, பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னாள். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். உம்மாவும் வாப்பாவும் அப்போது சின்னப் பிள்ளைகள். எங்கள் உம்மும்மா வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனா. கிணற்றைப் பூட்ட முடியாதே. வகுப்பு அமைதியாக இருந்தது. "எங்கட அம்மம்மாவும் சண்டைக்க வள்ளத்தில போய்த் திரும்பி வந்தவா" என்றாள் பின்னால் இருந்தவள். இன்னொருவன், "அப்ப உங்கட கிணறும் கறுப்போ டீச்சர்?" என்று கேட்டான்.

"கறுப்பாத்தான் கிடந்தது. பெரியும்மா திரும்பி வந்து இறைச்சுத் துப்பரவாக்கினா. இப்ப மஞ்சள்."

அவன் ஏதோ பெரிய கணக்கு முடிந்தது போலத் தலையாட்டிக்கொண்டான்.

திரும்பும் படகில் தாத்தா பையைத் திறந்தாள். விண்ணப்பம் இருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். இறங்குதுறைவரை வந்த பிள்ளைகளில் ஒருத்தி தந்தது, நோன்பு துறக்க என்று. "நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள் தாத்தா. உம்மா அவளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறா, வீட்டில் கலியாணப் பேச்சும் நடக்கிறது. சோளகத்தில் இந்தக் கடலை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்கியது. கொடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இந்தப் பரீட்சை முடியட்டும்" என்று வந்தது. அவள் பையை மூடினாள்.

மஃரிப் பாங்கு சொல்லும்போது நாங்கள் பெரியும்மா வீட்டில் இருந்தோம். பேரீச்சம்பழத்தோடு அந்தப் போத்தல் தண்ணீரைத் தாத்தா மூன்று கிளாஸில் ஊற்றினாள். பெரியும்மா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தா.

"நல்ல தண்ணியா இருக்கே புள்ள, எந்தக் கிணத்துத் தண்ணி இது?"