தாயின் பெயர்: செல்லி

திருத்தணியில் பிறந்தவர்கள் தெலுங்கைத் தனியாகக் கற்றுக்கொள்வதில்லை. என் ஆயா பிறந்தபோது ஊர் சித்தூர் ஜில்லா. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எங்கள் வீட்டில் இதனால் எதுவும் மாறவில்லை. திட்டுவது தெலுங்கில், வட்டிக் கணக்கு தமிழில்.

இவ்வளவு தெலுங்கு தெரிந்த நான் அந்த ராத்திரி ஒரு வார்த்தைகூடத் தெலுங்கில் பேசவில்லை.

1098 அழைப்புகளைத் தொண்டு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1996இல் மும்பையில் தொடங்கிய அந்தச் சேவை 2023இல்தான் அரசின் கைக்குப் போனது. அப்படி ஒரு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். கீழே ஆறு களப்பணியாளர்கள், மேலே இயக்குநர். நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமிருந்தும் போன் வரும், இரண்டு பக்கமும் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடிக் கிருத்திகை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்தெல்லாம் காவடி எடுத்து வருவார்கள். சரவணப் பொய்கையில் தெப்பம். அந்தக் கூட்டத்தில் கை நழுவினால் பெரியவர்களே தொலைந்துபோவார்கள். உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தவள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொண்ணு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு வந்தவள். பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர்களும் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். நான் திருவள்ளூரில், வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்குப் போன்.

“மேடம், ஒரு பையன். ஏழு வயசு இருக்கும். அழுதுக்கிட்டே இருக்கான்.”

“ஸ்டேஷன்ல எழுதியாச்சா? போட்டோ எடுத்தியா? கமிட்டி மெம்பருக்குப் பேசினியா?”

“பேசுறேன் மேடம். அவன் ஏதோ சொல்றான், எனக்குத்தான்…”

“முதல்ல ஃபார்மை முடி. 24 மணி நேரம், ஞாபகம் வச்சுக்கோ.”

படிவத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். குழு கூடாத நேரமென்றால் ஓர் உறுப்பினர் முன்னாவது. யார் எங்கிருந்து யாரிடம் ஒப்படைத்தார்கள் என்ற தாள் இல்லையென்றால், அழுகிற குழந்தையை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் போனில் பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ‘போனை அவங்கிட்ட குடு’ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

விடிகாலை முதல் ரயிலில் போய் இறங்கினேன். படிவம் சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தது. தந்தை பெயர்: தெரியவில்லை. தாய் பெயர்: செல்லி.

என்னைப் பார்த்ததும் பையன் கேட்டான்: “மா செல்லி எக்கட?”

செல்லி என்றால் தங்கச்சி. ராத்திரி முழுக்க அவன் அதையேதான் கேட்டிருக்கிறான். தொலைந்தது ஒரு குழந்தை இல்லை, இரண்டு.

நாலு வயசுப் பெண். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு பூக்காரம்மா கோணியை விரித்துப் படுக்கவைத்திருந்தார். காலையில் போலீசில் சொல்லலாம் என்று இருந்தாராம். ஒன்பது மணிக்குள் பெற்றோரும் வந்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அந்தப் படிவத்தை நானே எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தேன். “அம்மா பேரு செல்லியாம்!” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாலு மாதத்தில் வேலையை விட்டாள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று காரணம் சொன்னாள்.

அடுத்த வருஷம் எனக்கு மூன்று நாள் ‘தலைமைப் பண்பு’ப் பயிற்சி, சென்னையில். அதுவரை எனக்குக் கிடைத்த பயிற்சியெல்லாம் சட்டப் பிரிவுகள்தான். இதிலும் முதல் நாள் சிங்கம் படம் போட்ட ஸ்லைடு, பேப்பர் கப்பில் கோபுரம் கட்டும் விளையாட்டு. (எங்கள் குழுதான் ஜெயித்தது.) இரண்டாம் நாள் ஆல்ஃபிரட் கடூஷின் வந்தார். சமூகப் பணியில் மேற்பார்வை பற்றி 1976இல் புத்தகம் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர். மேற்பார்வையாளருக்கு மூன்று வேலை என்கிறார்: நிர்வாகம் பார்ப்பது, கற்றுக்கொடுப்பது, தாங்கிப்பிடிப்பது. நான் முதலாவதை மட்டும் செய்துவிட்டு மூன்றுக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். ‘மேற்பார்வை’ என்ற சொல்லே மேலேயிருந்து பார்க்கத்தானே சொல்கிறது என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் பயிற்றுநர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உங்கள் பணியாளர் கடைசியாகப் பதறிப்போய்ப் பேசிய ஐந்து அழைப்புகளில் நீங்கள் சொன்ன முதல் வாக்கியத்தை எழுதுங்கள் என்றார். ஐந்திலும் நான் எழுதியது கேள்வி. ஐந்தும் தாளைப் பற்றியது. பக்கத்தில் இருந்தவர் தாளை எட்டிப் பார்த்தேன், அவருடையதும் அப்படித்தான். எங்களுக்கும் மேலேயிருந்து அப்படித்தான் கேட்கிறார்கள். அதை ஒரு காரணமாகச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்குப் போன் போட்டேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். கூட்டத்தில் நான் சிரித்தது தப்பு என்றேன்.

“ஐயோ மேடம், அதெல்லாம் மறந்தே போச்சு” என்றாள், நான் முடிப்பதற்குள்.

அந்த ஆடியில் உதவி மையத்துக்குப் புதுப் பையன் ஒருத்தன். ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. நான் ஹலோ சொல்வதற்குள் ஒப்பிக்க ஆரம்பித்தான்: “ஸ்டேஷன்ல எழுதியாச்சு மேடம், போட்டோ எடுத்தாச்சு, ஃபார்ம் ரெடி, மெம்பர்கிட்ட பேசிட்டேன்…”

“இருப்பா, இரு. குழந்தை பக்கத்துல இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“போனை அதுகிட்ட குடு.”

கொஞ்ச நேரம் நாதஸ்வரமும் மைக் சத்தமும் மட்டும் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“ஏம் பேரும்மா நீது?” என்றேன்.