அதே எடை

திங்கள். ஸ்குவாட் 60 கிலோ: 8, 8, 7. மூன்றாவது செட்டில் ஏழாவது எழும்போது இடது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. எட்டாவதற்குப் போகவில்லை. அடுத்த முறைக்கான கட்டத்தில் 'அதே எடை' என்று எழுதிவைத்தேன்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் இந்த இரண்டு சொற்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. மூன்று வருஷம், இரண்டு நோட்டு. முதல் நோட்டின் முதல் பாதியில் மட்டும் இவை கிடையாது. அங்கே வாராவாரம் எண் ஏறிக்கொண்டே போகிறது. அதன்பின் பதினோரு வாரம் காலிப் பக்கம். தோள். அதைக் கீழே எழுதுகிறேன்.

*

எடையை எப்போது ஏற்றுவது என்று முதல் மாதம் ஜிம் மாஸ்டரிடம் கேட்டேன். "உடம்பே சொல்லும் தம்பி" என்றார். சொல்லத்தான் செய்கிறது. முதல் வருஷத்தில் உடம்பு சொல்வதும் ஆசை சொல்வதும் ஒரே குரலாகக் கேட்கும், அதுதான் சிக்கல். நோட்டு போட ஆரம்பித்தது இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது. இலக்கு எட்டு என்றால், கடைசி செட்டில் பத்து வர வேண்டும். அடுத்த முறையும் அந்தப் பத்து வர வேண்டும். அதற்குப் பிறகே பிளேட்டைத் தொடுவது. பயிற்சியாளர்கள் 'இரண்டுக்கு இரண்டு' என்று சொல்கிற பழைய கணக்குதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009ஆம் ஆண்டு அறிக்கையும் இதற்கு வெகு அருகில் வருகிறது: இலக்கைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் செய்ய முடிந்தால் 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம், சின்னத் தசைகளுக்குக் குறைவாக, கால், முதுகு போன்ற பெரியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக.

ஏன் இரண்டு நாள்? ஞாயிறு நன்றாகத் தூங்கி, மதியம் கறிக்குழம்புச் சோறு சாப்பிட்டு, திங்கள் காலை போனால் எந்த பாரும் லேசாகத்தான் இருக்கும். அந்த லேசு ஞாயிற்றுக்கிழமைக்குச் சொந்தம். நாலு மணி நேரத் தூக்கத்தோடு வியாழக்கிழமை போய், அதே பத்து வந்தால் அது நம்முடையது.

*

ஏற்றுவது எப்போது என்பதைப் போலவே எவ்வளவு என்பதும் முக்கியம். ஸ்குவாட்டில் 60இலிருந்து 62.5க்குப் போனால் நாலு சதவீதம் சொச்சம். அதே இரண்டரைக் கிலோவை 20 கிலோ ஷோல்டர் பிரஸ்ஸில் ஏற்றினால் பன்னிரண்டரை சதவீதம். 5 கிலோ டம்பெல்லை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஏழரையை எடுத்தால் ஐம்பது சதவீதம். கையைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியில் அந்த ஐம்பது சதவீதம் என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறேன். தோள் காதுவரை ஏறும், இடுப்பு முன்னும் பின்னும் ஆடும். டம்பெல் மேலே போய்விடும். வேலை செய்ய வேண்டிய தசையைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்திருக்கும்.

எங்கள் ஜிம்மில் ஐந்துக்கு அப்புறம் ஏழரை, அப்புறம் பத்து. புதிதாக வருகிற பெண்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கல்லூரிப் பெண் ஐந்து கிலோவிலேயே நாலு மாதம் நின்றிருந்தாள். "எனக்கு அவ்ளோதான் வரும்ணா" என்றாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. ஜிம்மில் ஆறு கிலோ டம்பெல் இல்லை, அவ்வளவுதான். ஐந்து கிலோவிலேயே எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து, பதினெட்டு என்று கூட்டச் சொன்னேன். பிறகு முதல் செட் மட்டும் ஏழரையில் ஆறு தடவை, மீதி இரண்டும் ஐந்தில். இரண்டு வாரம் கழித்து இரண்டு செட் ஏழரையில். ஆறாவது வாரம் மூன்றுமே ஏழரை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

போட்டிப் பளுதூக்குதலில் அரைக் கிலோ வட்டுகூட உண்டு. 2005 வரை போட்டி மேடையில் வழக்கமாக இரண்டரைக் கிலோ மடங்கில்தான் ஏற்றுவார்கள். அதன்பின் ஒரு கிலோ மடங்கு. இருநூறு கிலோவைத் தலைக்கு மேலே நிறுத்துகிறவர்கள் ஒரு கிலோவுக்கு அவ்வளவு மரியாதை தருகிறார்கள். நாற்பது கிலோ பெஞ்ச் பிரஸ் செய்கிற பையன் ஒரே தாவலாகப் பத்தை ஏற்றுகிறான். ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள் என்று ஜிம் உரிமையாளரிடம் ஒரு வருஷமாகச் சொல்லி, போன மாதம் வந்தது. அதைப் பூட்டிவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

மைலோ கதை ஜிம்முக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். கிரேக்கர்கள் குடியேறிய தென் இத்தாலியின் குரோட்டன் ஊர் மல்யுத்த வீரர், கி.மு. ஆறாம் நூற்றாண்டு. ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் சுமந்தாராம். அது காளையாக வளர வளர அவர் பலமும் வளர்ந்ததாம். எடையைப் படிப்படியாக ஏற்றுவதற்கு உவமை சொல்ல எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. இதில் எடையைத் தீர்மானிப்பது கன்றுக்குட்டி. சுமப்பவருக்குக் காய்ச்சலா, முட்டி வலியா என்று அது பார்க்காது. தின்றுவிட்டு வளர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒரு கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினால் வருஷத்துக்கு 52 கிலோ, பத்து வருஷத்தில் 520. எந்த உடம்பும் அப்படி ஏறுவதில்லை. முதல் சில மாதம் ஏறும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு அதுவும் இல்லை.

நம் ஊர் இளவட்டக்கல் இதைவிட நல்ல ஆசான் என்று படுகிறது. கல் வளராது. தரையிலிருந்து பெயர்ப்பது ஒரு படி. முட்டிக்கு ஏற்றுவது ஒன்று, தொடையில் நிறுத்தி நெஞ்சோடு அணைப்பது ஒன்று, தோளில் ஏற்றிப் பின்னால் போடுவது கடைசி. ஒரே கல்லில் இத்தனை படி இருக்கிறது. இந்த வருஷம் முட்டிவரை வந்தவன் அடுத்த வருஷம் நெஞ்சுக்குக் கொண்டுவருகிறான். எடையில் ஒரு கிராம் கூடவில்லை, ஆள் கூடியிருக்கிறான். தோளைத் தாண்டிப் போட்ட பிறகுதான் பக்கத்தில் கிடக்கும் பெரிய கல்லைப் பார்ப்பது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி இந்தப் போட்டி இப்போதும் நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள்.

கர்லாக்கட்டையும் அப்படியே. முதலில் சுற்றின் எண்ணிக்கை கூடும், பிறகு சுற்றும் விதம் கடினமாகும், கனமான கட்டை அதற்கெல்லாம் பின்னால் வரும்.

*

அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் பற்றிப் படித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலம், சிகாகோவில் கார்டினர் ராணுவ மருத்துவமனை. முட்டி அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு லேசான எடையில் நிறையத் தடவை என்பதுதான் அதுவரை மருத்துவர்கள் கொடுத்த பயிற்சி. டிலோர்ம் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, எடை தூக்கித் தேறியவர். அந்த அனுபவத்தில், சிப்பாய்களுக்குக் கனமான எடையைக் கொடுத்துப் பார்த்தார். 1945இல் கட்டுரை வெளிவந்தது. பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று வாராவாரம் புதிதாக அளந்து, அதை வைத்து அடுத்த வாரத்துக்கு எடை. முதலில் ஏழு முதல் பத்து செட் வரை செய்ய வைத்தார். 1948இல் மருத்துவர் வாட்கின்ஸோடு சேர்ந்து எழுதியபோது அதை மூன்றாகக் குறைத்துவிட்டார்: பத்துத் தடவை எடையில் பாதி, முக்கால், முழுசு.

இன்று நம் ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' அங்கிருந்து வந்தது. எண் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வாராவாரம் அளந்த அந்தக் கவனம் வந்து சேரவில்லை.

*

தோள். பெஞ்ச் பிரஸ், எட்டாவது வாரம். அதுவரை ஒவ்வொரு வாரமும் ஏறியது. முதல் சில வாரங்களில் பலம் கூடுவதில் பெரும்பங்கு நரம்புகளுடையது, இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க மூளை பழகுகிறது என்று மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1979லேயே காட்டியிருக்கிறார்கள். தசை பின்னால் வளர்கிறது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அதைவிட மெதுவாகத் தடிக்கிறது. எட்டாவது வாரம் என்பது நரம்பு முன்னால் ஓடி, தசைநாண் வெகுதூரம் பின்தங்கியிருக்கும் நேரம். இது எனக்கு அன்று தெரியாது.

சுற்றி நாலு பேர் "போடு, போடு" என்றார்கள். பத்துக் கிலோ ஏற்றினேன். தலைமாட்டில் நின்றவர் சப்போர்ட் கொடுத்தார். பாதி எடையை அவர் கைதான் தூக்கியது. மூன்று முறை அப்படிச் செய்தேன். நோட்டில் மூன்று என்று எழுதினேன், என்னுடையது என்று. அந்த வாரமே தோளின் முன்பக்கம் ஊசி குத்துவது போல வலி. சட்டைக்குள் கை நுழைக்க முடியவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. பதினோரு வாரம்.

இப்போது சப்போர்ட்டோடு வந்த ரெப்பை நோட்டில் எழுதுவதில்லை.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்கப் பரவும் கனத்த வலிக்கு நான் பயப்படுவதில்லை. மூட்டில் ஒரே புள்ளியில் கூர்மையாக வந்தால் எடை ஏறாது, எத்தனை ரெப் வந்திருந்தாலும்.

*

செட் முடிந்ததும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே இன்னொரு எண் எழுதுகிறேன்: இன்னும் எத்தனை மிச்சம் இருந்தது? மூன்று செட்டிலும் மூன்று மிச்சம் என்றால் ஏற்றும் நேரம் நெருங்கிவிட்டது. பூஜ்யம் என்றால், எட்டு வந்திருந்தாலும், அதே எடை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணிப்பு சரியாக வராது. "ரெண்டுதான் மிச்சம்" என்பான், கூட நின்று எண்ணினால் ஐந்து செய்வான். செட்டின் முடிவை நெருங்க நெருங்கக் கணிப்பு சரியாகிறது. மாதங்கள் போகப் போகவும்.

கணிப்பு தேறும்வரை போன் உதவும். தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்துப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். முதல் ரெப்பையும் கடைசி ரெப்பையும் மட்டும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும். பாரின் வேகம் எவ்வளவு குறைந்தது, முதுகு வளைந்ததா, குதிகால் தூக்கியதா. கடைசி ரெப் முதல் ரெப்பைப் போலவே இருக்கிற நாள்தான் நான் காத்திருக்கும் நாள்.

*

வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலில் 149ம் 179ம், மொத்தம் 328 கிலோ, தங்கம். அடுத்த காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடையில் அடிபட்டது. பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்று பின்னால் சொன்னார். 2018 கோல்டு கோஸ்ட்டில் 144, 173: மொத்தம் 317. கிளாஸ்கோவைவிட 11 கிலோ குறைவு, மறுபடி தங்கம். எதிராளி தன் முயற்சிகளைத் தவறவிட்டதும் இவர் கடைசி முயற்சியை எடுக்கவே இல்லை. கால் முழுதாக ஆறாத மனிதர், உலகமே பார்க்கிற மேடையில், இன்னும் ஒரு முயற்சி கையில் இருக்க, போதும் என்று இறங்கினார். தூக்கிய 173ஐவிட அந்தத் தூக்காத எடையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

*

மே மாதம். தகரக் கூரை. காலை ஆறரைக்கே பார் சுடுகிறது. எல்லாப் பயிற்சியிலும் ஒன்றிரண்டு ரெப் குறைகிறது. கத்திரி முடியும்வரை எதையும் ஏற்றப் போவதில்லை.

காய்ச்சலில் படுத்து எழுந்தால், விட்ட இடத்திலிருந்து பத்திருபது சதவீதம் குறைத்து ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரத்தில் பழைய இடம் வந்துவிடும். முதல் நாளே பழைய எடையைத் தேடிப் போன இரண்டு பேரைப் பார்த்தாகிவிட்டது.

*

அம்மாவுக்கு 66. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே ஆரம்பித்தோம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, எழுந்து எழுந்து உட்காருவது. முதல் நாள் ஐந்து.

மூன்று வாரத்தில் பத்து, இரண்டு நாள் தொடர்ந்து. ஒரு தலையணையை எடுத்துவிட்டேன். "என்னப்பா, கூட்டுவேன்னு சொல்லிட்டு எடுக்கிற?" என்றார். உட்கார்ந்து பார்த்த பிறகு அவருக்கே புரிந்தது. இறங்க வேண்டிய தூரம் கூடிவிட்டது. அன்றைக்கு ஆறுதான் வந்தது.

இரண்டாவது தலையணையும் போன பிறகு 30 வினாடியில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். 65 முதல் 69 வயதுவரை உள்ள பெண்களுக்கு 11 முதல் 16 வரை சாதாரணம். அம்மாவுக்கு 9. கடையில் எடை கேட்பதுபோல "ரெண்டு குறையுதா?" என்றார். ஆறு வாரம் கழித்து 12.

அதன் பிறகுதான் எடை. மஞ்சள் பையில் ஒரு கிலோ அரிசி, நெஞ்சோடு அணைத்தபடி. எப்போது ஏற்றுவது என்று அவர் என்னைக் கேட்பதில்லை; நோட்டின் கடைசிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு தானே எழுதுகிறார். நேற்றைய பக்கம்:

'வியாழன். 2 கிலோ பை. 10, 10, 8. கடைசியில் கை நாற்காலியைப் பிடித்துவிட்டது. அதே பை.'