மூன்று மாத்திரை தள்ளி ஓர் எதிரொலி

திருவிழாவுக்குத் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ‘டிலே’ என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். பிள்ளையார் கோயில் வேப்பமரத்துக் குழாயில் ஒரு வரி கேட்கும். அதே வரி, வாய்க்கால் மதகுப் பக்கம் கட்டிய குழாயிலிருந்து கொஞ்சம் பிந்தி வந்து சேரும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் ஓடும். 120 மீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும் குழாயின் பாட்டு, ஏறக்குறைய 0.35 விநாடி தாமதமாகத்தான் நம் காதுக்கு வரும். அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனி ராத்திரிகளில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம்.

இந்தத் தாமதத்தை வேண்டிய அளவுக்கு உண்டாக்கித் தரும் பெட்டிதான் கிட்டார்காரர்களின் டிலே. வாசித்த சுரத்தை நினைவில் வைத்துக்கொண்டு சற்றுப் பிறகு திருப்பிச் சொல்லும். முதலில் இதைக் காந்த நாடாவில் செய்தார்கள். 1983-ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம், டிஜிட்டல் டிலேயை டி.டி-2 என்ற பெயரில் காலால் மிதிக்கும் சின்னப் பெடலாகச் சுருக்கியது. பிறகு டிலே, ரிவெர்ப், கோரஸ், டிஸ்டார்ஷன் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய ‘மல்ட்டி எஃபெக்ட்ஸ்’ வந்தது.

கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களில் நான் 24 வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். ஒரு டிலே பெடலும் ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸும் திருச்சியில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை. எந்த ஊர் மேடை ஏறினாலும் ‘இளைய நிலா’ சீட்டு வந்துவிடும். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக இளையராஜாவின் குழுவில் ஆர்.சந்திரசேகர் வாசித்த கிட்டார் அது. முன்னிசை தொடங்கியதுமே கடலை விற்பவர்கூட ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடம் பெட்டியைச் சுமந்தேன்.

இப்போது நிலைமை வேறு. பாதிக் கச்சேரி, பென் டிரைவில் இருக்கும் டிராக்கிலேயே ஓடிவிடுகிறது. பாடுகிறவர் போதும், வாசிக்கிறவர் வேண்டாம். போன வருடம் எனக்கு வந்த கச்சேரிகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். பெட்டிகளை விற்றுவிடலாம் என்று ஒருவரிடம் விலையும் பேசியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கல்லூரியில் படிக்கும் என் மகள் வந்து நின்றாள். “அப்பா, யூ2 குரூப்போட கிட்டார் சவுண்டு நம்ம பெட்டியில வருமா? காலேஜ் விழாவுல வாசிக்கணும்.”

அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் குழு எப்படி இவளுக்குத் தெரிந்தது என்று கேட்டேன். திருவள்ளுவர் வழியாகத்தான். 2019 டிசம்பரில் யூ2 முதன்முறையாக இந்தியாவுக்கு, நவி மும்பைக்கு வந்து கச்சேரி செய்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ‘அஹிம்சா’ என்ற பாட்டை வெளியிட்டார்கள். அதில் ரஹ்மான் மகள்களின் குரலில் திருக்குறள் தமிழிலேயே வரும். குறளைக் கேட்கப் போனவள் கிட்டாரில் சிக்கிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது, 1987-ல் வந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்’. அதை வாசித்தவர் ‘தி எட்ஜ்’ என்று அழைக்கப்படும் டேவிட் எவன்ஸ்.

அவர் ஆரம்பத்தில் வைத்திருந்தது எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் ‘மெமரி மேன்’ என்ற எக்கோ பெட்டி. பிறகு கோர்க் நிறுவனத்தின் எஸ்.டி.டி-3000. ஆம்ப்ளிஃபயர், வாக்ஸ் ஏ.சி-30. இவை நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆனால், இவற்றைப் போலச் செய்யும் ஒலிகள் பல மல்ட்டி எஃபெக்ட்ஸிலும் தயாராக இருக்கின்றன. எங்கள் பெட்டியிலும் ஒன்று இருந்தது. திண்ணையில் போட்டு வாசித்தாள். சத்தம் அழகாக இருந்தது, பாட்டுதான் வரவில்லை. சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நடவு வயல் சேறாகக் குழம்பின.

திண்ணையின் மறு ஓரத்தில் என் அப்பா படுத்திருந்தார். தவில்காரர். வயது 78. கை நடுக்கம் வந்ததால் வாசிப்பை நிறுத்தி ஒன்பது வருடமாகிறது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரைச் சொன்னால் எழுந்து உட்காரும் தலைமுறை. நான் தவிலை விட்டு கிட்டாரைத் தூக்கியபோது திட்டவில்லை, பேசாமல் இருந்துவிட்டார். என் கச்சேரி ஒன்றுக்கும் இதுவரை வந்ததில்லை.

“ஆயி, அந்த ஒரிசினலை ஒரு தடவ போடு” என்றார். பேத்தி செல்போனைக் காதருகே வைத்தாள். தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

“மூணுல ஆரம்பிச்சு நாலுக்கு மாத்துறான், பாத்தியா?”

அந்தப் பாட்டின் முன்னிசை மூன்றின் கணக்கில் நடந்து, பிறகு நான்குக்கு மாறும். நான் பல முறை கேட்டிருக்கிறேன். அப்பா கேட்டது ஒரே முறை.

“இப்ப நீ வாசி.” வாசித்தாள். “ஒம் பொட்டி மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தள்ளாடுது. சரியா மூணு மாத்திரை தள்ளி வரணும்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 126 தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை என்றால், ஒரு மாத்திரை 119 மில்லி விநாடி. பெட்டியில் தயாராக இருந்த ஒலியின் தாமதம் 450. அதாவது மூன்றே முக்கால் மாத்திரைக்குக் கொஞ்சம் அதிகம். அவர் சொன்னது சரி. 357-க்குத் திருகினேன். சேறு வடிந்து, தண்ணீர் தெளிந்தது.

காரணத்தையும் அவரே வாயால் சொல்லிக் காட்டினார். ‘த க தி மி’ என்று நான்கு மாத்திரை. அதில் ‘த’வும் ‘தி’யும் மட்டும் நாம் வாசிக்க வேண்டும். ‘த’வின் எதிரொலி மூன்று மாத்திரை தள்ளி ‘மி’யில் விழும். ‘தி’யின் எதிரொலி அடுத்த தட்டின் ‘க’வில் விழும். நாம் விட்ட இடத்தையெல்லாம் பெட்டி நிரப்பிவிடும். “அவன் ரெண்டு சொல்லுறான், பொட்டி ரெண்டு சொல்லுது. ரெட்டைத் தவில் மாதிரி.”

மேற்கத்திய இசையில் இதை ‘டாட்டட் எய்த்’ டிலே என்பார்கள். வீட்டில் முயல்கிறவர்களுக்குச் சுலபமான கணக்கு: 45,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால், வைக்க வேண்டிய மில்லி விநாடி கிடைத்துவிடும். வேகம் 120 என்றால் 375. 100 என்றால் 450. ‘டேப் டெம்போ’ உள்ள பெட்டியில் புள்ளி வைத்த சுரக் குறியைத் தேர்ந்தெடுத்து, தாளத்துக்குக் காலால் தட்டினாலே போதும்.

மீதியெல்லாம் சின்னச் சின்ன விஷயம். எதிரொலி இரண்டு, மூன்று முறை வந்தால் போதும். ஆனால், முதல் எதிரொலி ஏறக்குறைய வாசித்த சுரத்தின் அளவுக்கே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ‘க’வும் ‘மி’யும் மங்கிவிடும். டிஸ்டார்ஷன் கொஞ்சமாக, டிலேக்கு முன்னால் இருக்கட்டும். எட்ஜ் தன் பிக்கை, வழுக்காமல் பிடிப்பதற்காகச் சொரசொரப்பாக வைத்திருக்கும் பக்கத்தால் தந்தியில் படவிடுவார். அந்த லேசான உரசலும் அந்த ஒலியில் சேர்த்தி. திறந்தவெளி மேடையாக இருந்தால் எதிரொலியை இன்னும் குறைக்க வேண்டும். ஊர்க் குழாய்கள் தம் பங்குக்குத் திருப்பிச் சொல்லும்.

எல்லாவற்றையும்விட, வாசிக்கிறவர் நடை பிசகக் கூடாது. பெட்டி இரக்கம் காட்டாது. நாம் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லும். மகள் பதினைந்து நாள் வெறும் ‘த’, ‘தி’ மட்டும் வாசித்துப் பழகினாள். அப்பா தொடையில் தாளம் போட்டார். நடுங்கும் கைதான், தாளம் நடுங்கவில்லை.

இவ்வளவு நாளும் நான் நல்ல ஒலி என்பது விலை கொடுத்து வாங்குவது என்று கேள்விப்பட்ட உலகத்தில் இருந்தேன். புது மாடல் வந்திருக்கிறது, அதில் அந்த சவுண்டு அப்படியே வரும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வரும்தான். ஆனால், அந்தப் பிரபலமான சத்தத்தின் உள்ளே இருப்பது மூன்றும் நான்கும் சேர்ந்து நடக்கும் ஒரு கணக்கு. அது எங்கள் வீட்டுத் திண்ணையில் பல வருடமாகச் சும்மா படுத்திருந்தது.

கல்லூரி விழா நன்றாக நடந்தது. பெட்டிக்கு விலை பேசியவரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். கச்சேரிகள் ஒன்றும் கூடிவிடவில்லை. அப்பாவும் அடுத்த கச்சேரிக்கு வரப்போவதில்லை. ஆனால், சாயங்காலம் காபி குடித்து முடித்ததும், “பொட்டியைப் போடு” என்கிறார்.

போன வாரம் கேட்டார்: “இதை அஞ்சு மாத்திரை தள்ளி வைக்க முடியுமாடா?”

595-க்குத் திருகினேன். கண்ணை மூடிக் கேட்டார். எங்கள் இருவருக்கும் இடையே கிட்டார் பற்றி நடந்த முதல் பேச்சு அதுதான். நாளைக்கு ஏழு வைக்கச் சொல்லியிருக்கிறார்.