52, 38, 49, 41

என் பேத்தி சட்டம் படித்துத் தற்காலிகமாகப் பதிவு செய்த வழக்கறிஞர். இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறாவிட்டால் கறுப்புக் கோட்டை மடித்து வைக்க வேண்டியதுதான். மொத்தம் 100 கேள்வி. அவளுக்கு 45 வேண்டும்.

வீட்டில் மாதிரித் தேர்வு எழுதினாள். முதலில் 52, அடுத்து 38, பிறகு 49, மறுபடி 41. "எனக்கு இது வராது தாத்தா" என்று மொட்டை மாடிக்குப் போய், மலைக்கோட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

கருவூலத்தில் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்குமா? நான்கு தாளையும் வாங்கி, தவறுகளைப் பாடவாரியாக நோட்டில் எழுதினேன். குற்றவியல் கேள்வி அதிகமான தாளில்தான் மார்க் இறங்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. இவள் படித்ததோ பழைய எண்.

"உனக்கு வராதது ஒரு பாடம்தான்மா, மொத்தமும் இல்லை" என்றேன். துறைத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றதையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் பாட்டிக்கே தெரியாத விஷயம்!

பதினைந்து நாள் புதுச் சட்டத்தை மட்டும் படித்தாள். அடுத்த இரண்டு தேர்வில் 48, 50. பெரிய மார்க் இல்லை. ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்; நானும்தான்.