அக்கா ஓட்டும் கார்... பாலிசியில் அவருக்கு இடம் இருக்கிறதா?

அண்ணன் மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நன்றாக கார் ஓட்டத் தெரியும். அண்ணனின் காரில் ஸ்கூல், டான்ஸ் கிளாஸ் என்று பாப்பாவைக் கூட்டிப்போவது அவர்தான். போன மாதம் இன்ஷூரன்ஸைப் புதுப்பித்தபோது, பாலிசியை அண்ணியும் நானும் வரி விடாமல் படித்தோம்.

அதில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தது. ஆனால், அது கார் உரிமையாளரான அண்ணனுக்கு மட்டும். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு, ‘பெய்டு டிரைவர்’ கவரைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அதற்கான பிரீமியம் பெரிய தொகை இல்லை. ஓட்டுபவரின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால், கார் சேதத்துக்கான க்ளெய்மையே நிறுவனம் மறுக்கலாம். அதையும் சரிபார்த்து, கவரைச் சேர்த்துவிட்டோம்.

நம் பிள்ளையை அவரை நம்பி அனுப்புகிறோம். சாயங்காலமானால் அவருடைய பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்!