சுமையேற்றிப் பார்ப்பது

முசரவாக்கத்தில் என் மைத்துனனிடம் பழைய டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. நெசவு வீடுகளுக்குப் பாவும் நூலும், பருவத்தில் நெல் மூட்டையும் ஏற்றும் வண்டி. அதன் ஹெட்லைட் ஸ்விட்ச் டாஷ்போர்டில் இழுத்துப்போடும் குமிழ். ஒரு வருஷத்தில் இரண்டு ஸ்விட்ச் மாற்றியாயிற்று. மூன்றாவதும் அரை மணி ஓட்டத்தில் கை வைக்க முடியாதபடி சுட்டது. போலிச் சரக்கு என்பது என் அபிப்ராயம். அபிப்ராயம் சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம்.

ஒரு ராத்திரி பாலுசெட்டிசத்திரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன. அவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் தெரிந்தது: பம்பருக்கு இரண்டு முழம் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், கேரியரில் ஒரு குழந்தை. அவர் திட்டவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

"ஃப்யூஸ் போயிருக்கும் மாமா" என்றான். ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. ஸ்விட்ச் ஆறியதும் விளக்குகள் தாமாகவே எரிந்தன.

ஃப்யூஸை நம்பியது எங்கள் அறியாமை. அதிகக் கரண்ட் ஓடினால்தான் ஃப்யூஸ் உருகும். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் குறுகிய அந்த ஒரு புள்ளியில் வெப்பம் பிறக்கிறது. வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறும் என்று ஜூல் 1841-இல் எழுதிவிட்டார். காவல் இருக்கும் இடம் வேறு, எரியும் இடம் வேறு.

மறுநாள் காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். புது ஸ்விட்ச் கையோடு வாங்கிப் போயிருந்தோம். அவர் அதைத் தொடவில்லை.

"ஸ்விட்ச் கிடக்கட்டும் சார். பல்பு என்ன போட்டிருக்கீங்க?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். பல்பை வாங்கிக் கொடுத்தவன் நான். கண்ணில் புரை வளரத் தொடங்கியிருந்தது. ராத்திரி ரோடு மங்கலாகத் தெரிந்தது. மங்கல் என் கண்ணில் என்று ஒத்துக்கொள்ளாமல், வண்டிக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, 60/55 வாட் பல்புகளைக் கழற்றி 100/90 போடவைத்தேன். டிம்மில் முன்பு இரண்டுக்குமாக 110 வாட்; 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர். இப்போது 180 வாட், 15 ஆம்பியர். அதே வயர், அதே ஸ்விட்ச். ஒரே இணைப்பில் வெப்பம் இரண்டரை மடங்குக்கு மேல்.

"நான் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். ஸ்விட்சுக்கு முன்னாலும் கரண்ட் இருந்தது, பின்னாலும் இருந்தது" என்றேன், சமாதானமாக.

"அது அரை ஆம்பியர்கூட இழுக்காது சார். பாதி வெந்த கம்பியிலேகூட எரியும்."

ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் இரண்டு முனைகளையும் ஸ்விட்சின் உள்வாய், வெளிவாயில் வைத்தார். நல்ல இணைப்பில் வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு விழலாம். 1.2 வோல்ட் விழுந்தது. 15 ஆம்பியரோடு பெருக்கினால் 18 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரரின் சால்டரிங் அயர்ன் 25 வாட். டாஷ்போர்டுக்குள் ஏறக்குறைய அப்படி ஒன்றைச் சொருகி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறோம். பத்து சதம் அழுத்தம் குறைந்தால் பல்பின் ஒளி ஏறக்குறைய முப்பது சதம் குறையும். நான் வாங்கிக் கொடுத்த வெளிச்சத்தில் ஒரு பங்கு ரோட்டுக்குப் போகவே இல்லை.

ஸ்விட்சின் பின்னால் பித்தளை லக் நிறம் மாறிக் கறுத்திருந்தது. சூட்டில் பித்தளையின் பிடிப்பு தளர்கிறது; தளர்ந்தால் தடை கூடுகிறது; தடை கூடினால் சூடு. அந்த லக்கின் மேலேயே இரண்டு முறை புது ஸ்விட்சை மாட்டியிருந்தோம்.

கருகிய வயரைப் பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டினார். புது லக் நசுக்கிப் பொருத்தினார். பழைய வாட் பல்புகளுக்குத் திரும்பச் சொன்னார். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்றாக இரண்டு ரிலே வைத்தார். பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயர் நேரே ரிலேவுக்கு, அங்கிருந்து விளக்குக்கு. ஸ்விட்ச் இப்போது ரிலேவின் காயிலைத்தான் இயக்குகிறது; அதற்குக் கால் ஆம்பியர் போதும். ரிலே என்பது முன்பு குதிரை மாற்றிக்கொள்ளும் தங்கலுக்கும் பெயர். இலங்கைத் தமிழர் ரிலே ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்பார்கள். களைத்தவன் சுமையை அடுத்தவனிடம் தருகிறான். ஸ்விட்சிடம் நாங்கள் கேட்டிருக்க வேண்டியது கட்டளை மட்டும். சுமையையும் கேட்டோம்.

என் மாமனார் தறிக்காரர். காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோர்வையில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. முந்திப் பாவு உடலின் பாவோடு பேட்னியில் சேர்கிறது. அவர் கோர்வையைக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னதில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். இழுக்காதவரை எல்லாக் கோர்வையும் நல்ல கோர்வைதான்.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் என்பதால் ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. முப்பது வருஷமாகக் கவிதைகளைப் பற்றி நான் எழுதியதில் பெரும்பகுதி டெஸ்ட் லாம்ப் சோதனை. ஒரு வரியைத் தனியே எடுத்து எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. முழுக் கவிதையின் பாரம் அதன்மேல் ஓடும்போது எங்கே சுடுகிறது என்று பார்க்கவில்லை. சுட்ட இடத்தில் இருந்த சொல்லைக் குற்றம் சொன்னேன். வேறு சொல்லைச் சிபாரிசு செய்தேன். பிடிப்பு தளர்ந்திருந்தது அதற்குப் பின்னால், பார்க்காத இடத்தில். சில சமயம் வெளிச்சம் போதவில்லை என்று நான் எழுதியதற்கும் கவிதை காரணமாக இருந்திருக்காது.

இதை மேலே நீட்ட விருப்பமில்லை. போன வாரம் அதே ரோட்டில் இரவில் வந்தோம். பாதி வழியில் மைத்துனன் குமிழைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு மாமா" என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். எதிரே ரோடு எனக்கு இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது. கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.